மீன் பிடிக்கப் போகாமல் என்னைக் காப்பாற்றக் கோரி

சிவமயம்

குதைபியா, மனாமா,
பஹ்ரைன்.
ஆகஸ்ட் 2007, வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அத்தான் குற்றாலலிங்கம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சுசீலாவின் வீட்டுக்காரன் சிவசங்கரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் வாடகை வீடும், வீட்டிலுள்ள ஏ.சி.யும் ஓரளவு சுகம். அவ்விடம் தாங்களும் சரோஜா அக்காவும் சுகமாக இருக்கவும், தங்கள் முழங்கால் வலி அடங்கவும், பாளையங்கோட்டையில் ஒரு மழையாவது பெய்யவும் நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான், போனுக்கு என்ன கேடு என்று தாங்கள் சரோஜா அக்காவிடம் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் தாங்கள் ஊர்ச் செய்தி முழுவதையும் சொல்லி முடித்து, "சரி மாப்ள, உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று வைத்துவிடுவீர்கள். தங்களைக் குறை சொல்லவில்லை. எனக்குப் போனில் பேச வராது. சுசீலா இருந்தவரை அந்த இலாகாவை அவள்தான் பார்த்துவந்தாள். ஆகையால் யாரும் குறுக்கே பேச முடியாத இந்தக் காகிதத்தில் என் கஷ்டத்தைச் சமர்ப்பிக்கிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் மருமகன், என் ஒரே பிள்ளை ரோஹித், என்னை மீன் பிடிக்கக் கூப்பிடுகிறான்.

தாங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். மீன். நம் குடும்பத்தில் மீன் என்றால் ராசி பலனில் வருகிற மீனம் மட்டும்தான். ஆனால் அவன் படிக்கிற கிருணா என்கிற ஊர் சுவீடன் தேசத்தின் வடகோடியில், உலகப்படத்தில் விரல் வைத்தால் விரல் படத்தை விட்டு வெளியே போய்விடுகிற இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஏரிகளாம். நல்ல தண்ணீராம். செப்டம்பரில் பனி விழுவதற்கு முன்னால் நான் புறப்பட்டு வர வேண்டுமாம். இரண்டே நாள், ஏரிக்கரையில் ஒரு மரக்குடிசையில் தங்கித் தூண்டில் போட வேண்டுமாம். "பிடிச்சு என்னடா செய்ய?" என்று கேட்டேன். "விட்டுரலாம்ப்பா" என்றான். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "நீங்களும் நானும் மட்டும்தான், வேற யாரும் கிடையாது" என்றான். இந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் பயந்துபோனேன்.

ஏனென்று தங்களுக்குச் சொல்ல வேண்டும். சுசீலா வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்குப் போன் போடுவாள். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டே, "பரீட்சை எப்ப முடியுதுன்னு கேளு" என்பேன். அவள் கேட்பாள், அவன் சொல்லுவான், அவள் எனக்குத் திருப்பிச் சொல்லுவாள். இப்படியே ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். போன கார்த்திகையில் குறுக்குத்துறையில் அவள் அஸ்தியைக் கரைத்துவிட்டு, தாங்களும் நானும் அவனும் ஒரே ஆட்டோவில் வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தோம். தாங்கள்தான் பாவம், ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டே வந்தீர்கள். அந்த ஆட்டோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது அத்தான், ஆட்டோக்காரர்தான் இல்லை. நான் போன் போடுவேன். "சாப்பிட்டியா?" "ம்." "குளிரா?" "ம்." "நீங்க சாப்ட்டீங்களா?" "ம்." அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருப்போம். அவன் மூச்சு விடுவது அங்கேயிருந்து அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. பிறகு யாராவது ஒருவர் "சரி, வைக்கட்டா" என்போம். போனிலேயே இப்படி என்றால், ஆளில்லாத ஏரிக்கரையில் இரண்டு நாள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன செய்ய? போனையாவது வைக்கலாம். ஏரியை எங்கே வைக்க?

ஆனாலும் "வரல" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போனதிலிருந்து எதுவும் கேட்காத பிள்ளை. ஆகவே நான் சொல்லாமல் அதுவாகவே நின்றுபோக வேண்டும் என்று காத்திருந்தேன். விசா கொடுக்க மாட்டார்கள் என்று நம்பினேன். கொடுத்துவிட்டார்கள். அந்த ஜன்னலில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு வாழ்த்து வேறு சொன்னாள். சரி, கம்பெனியில் லீவு தர மாட்டார்கள் என்று நம்பினேன். இந்த வெயிலில் பஹ்ரைனில் ஒரு ஏ.சி. மெயின்டனன்ஸ்காரனுக்கு லீவு கொடுப்பதும் சித்திரை மாதம் தண்ணீர்ப்பந்தலை மூடுவதும் ஒன்று. எங்கள் மேனேஜர் ஒருநாள்கூடச் சிரித்தவர் கிடையாது. "பையனைப் பார்க்க" என்று எழுதியிருந்ததைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். "யல்லா சங்கர், போ. கலாஸ்" என்றார், பேச்சு முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம். அந்தாளுக்கு அன்றைக்குப் பார்த்தா மனசு இளக வேண்டும்?

வேறு வழியில்லாமல் மீரா சாகிப்பிடம் போனேன். நம்ம மேலப்பாளையத்துக்காரர், எங்கள் பில்டிங்குக்குக் கீழே கோல்டு ஸ்டோர் வைத்திருக்கிறார், அதாவது நம் ஊர்ப் பெட்டிக்கடைதான், ஃப்ரிட்ஜ் கூடுதல். சுசீலாவுக்குக் கறிவேப்பிலை எடுத்துவைக்கிறவர் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் தூண்டிலும் கையுமாகக் கடல் பாலத்தடிக்குப் போய்விடுவார். "மீனா? நீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டவர், சிரிப்பை அடக்க ஃப்ரீசருக்குள் தலையை விட்டு ஏதோ தேடுகிற மாதிரி பாவனை செய்தார். அப்புறம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோலைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீச வேண்டும் என்றார். பின்னால் கொண்டுபோனேன். முன்னால் வரமாட்டேன் என்றது. திரும்பிப் பார்த்தால், ஒரு பெரியவர், இந்த ஊர் அரபி, தும்பைப்பூ மாதிரி வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஓரமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், அவர் முதுகில் என் முள் மாட்டியிருக்கிறது. நான் பதறி இழுக்க, டர்ரென்று கிழிந்தது. இன்றோடு நம் வேலையும் போச்சு, இந்த நாட்டு வாசமும் முடிஞ்சது என்று நினைத்தேன். அந்த மனுசர் எழுந்து வந்து, முள்ளைத் தானே கழற்றி என் கையில் கொடுத்து, "மாஃபி முஷ்கிலா", அதாவது பரவாயில்லை, என்று சொல்லி, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு கிளாஸ் தேநீர் ஊற்றினார். அத்தான், அன்றைக்கு அந்தப் பாலத்தடியில் என் தூண்டிலில் பிடிபட்டது அந்தப் பெரியவர் ஒருத்தர்தான். மீன் ஒன்றும் விழவில்லை.

அடுத்தது இரை. மண்புழு குத்தணுமாம், இல்லன்னா இறால் குத்தணுமாம். நான் ரெண்டையும் தொட மாட்டேன்னுட்டேன். "மாவு உருண்டை வச்சாலும் நல்ல தண்ணி மீன் வரும் அண்ணாச்சி, தாமிரவருணில கெண்டை வராதா"ன்னு மீரா சாகிப் சொன்னாரு. ராத்திரி சப்பாத்திக்கு மாதிரி கோதுமை மாவு பிசைஞ்சேன். பிசையும்போதே கை பழக்கத்துல உப்பு போட்டேன், மஞ்சப்பொடி போட்டேன், மணம் இருந்தா மீனு வருமேன்னு கொஞ்சம் பெருங்காயமும் போட்டேன். காலையில கொண்டுபோய்க் காட்டுனா, மோந்து பாத்துட்டு, "இதுக்கு மீன் வராது அண்ணாச்சி, நான்தான் வருவேன்"ங்காரு. அத வீட்டுக்குக் கொண்டுவந்து ரொட்டியா சுட்டுத் தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

இதெல்லாம்கூடப் பெரிசில்ல அத்தான். கோட்டு கதையக் கேளுங்க. அங்க இப்பவே நம்ம கொடைக்கானல் குளிராம். மனாமா சூக்குக் கடைத்தெருவுல, மனுசன் முட்டையா இருந்தா அவிஞ்சிருவான், அந்த வெயில்ல கம்பளிக் கோட்டு எங்க இருக்குன்னு கடை கடையா கேட்டுக்கிட்டு அலஞ்சேன். எல்லாரும் என்னயப் பாத்த பார்வை இருக்கே! கடேசியில ஒரு பட்டான் உள்ளேயிருந்து தூசி தட்டி ஒண்ண எடுத்துக்கிட்டு வந்தாரு. "பாய், யே ரஷ்யா மால், பரஃப் கா கோட்"னாரு, ரஷ்யாச் சரக்காம், பனிக்குப் போடுததாம். கரடிய உரிச்சு அப்படியே மாட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கு வந்து, அளவு சரியான்னு போட்டுப் பாத்தேன், ஜிப்ப கழுத்துவர இழுத்தேன். அந்த நேரம் பாத்து கரண்டு போச்சு. ஊர்ல உள்ளவன் வீட்டு ஏ.சி.யெல்லாம் சரிபண்ணுதவன் வீட்டுல ஏ.சி. நின்னு போச்சு. சரின்னு ஜிப்ப இறக்குனா, இறங்கல. தலைவழியா கழட்டலாம்னா, கழுத்துல மாட்டிக்கிட்டு. கண்ணு இருட்டுது. அப்படியே படியில இறங்கி, பனியன்கூட போடமுடியாத அந்தப் புழுக்கத்துல கரடிக் கோட்டோட ரோட்டுல ஓடுதேன். நேரா மீரா சாகிப் கடைதான். என்னயப் பிடிச்சு ஐஸ்கிரீம் பெட்டியத் தொறந்து அதுக்குள்ள குனிய வச்சுட்டு, கத்தரிய எடுத்து ஜிப்ப ஓரத்துல வெட்டுனாரு. பால் வாங்க வந்த ரெண்டு பிலிப்பைன்ஸ் பொண்ணுங்க என்னயச் சுத்திக்கிட்டே போய் பால எடுத்துச்சு. "இன்னும் ஊருக்கே போகல, அதுக்குள்ள பனியில மாட்டிக்கிட்டியளே அண்ணாச்சி"ன்னாரு. எனக்கும் சிரிப்பு வந்துட்டு. ரெண்டு பேரும் சிரிச்சோம். வீட்டுக்குப் போய்ச் சுசீலாகிட்ட சொல்லணும்னு படியேறுனேன். கதவத் தொறந்த பிறகுதான் நெனப்பு வந்துச்சு.

அந்த வெட்டுன கோட்டத் தைக்க ஊசி நூல் தேடித்தான் அவ அலமாரியத் தொறந்தேன். அவ போனபிறகு நான் அதைத் தொறந்ததில்ல. சேலையெல்லாம் யாருக்காவது குடுத்துரச் சொன்னிய, நான்தான் பிறகு பாக்கலாம்னு விட்டுட்டேன். கீழ்த் தட்டுல, பேப்பர் சுத்தி, ஒரு ஸ்வெட்டர் இருந்துச்சு. பொம்பளைங்க போடுதது. நீலக் கலரு. கடைச் சீட்டுகூட அப்படியே தொங்குது. பக்கத்துல கம்பளிக் காலுறை. அவ ரோஹித்தப் பாக்கப் போணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. "அவன் படிப்பு முடியட்டும், ரெண்டு பேருமா போவோம்"னு நான் சொன்னேன், சரின்னா. உடம்பு சரியில்லாமப் படுக்கதுக்கு முன்னாலயே வாங்கி வச்சிருக்கா போலுக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லாம இருந்த விஷயம்னு அவளுக்கு வாழ்க்கையிலயே அது ஒண்ணுதான் இருக்கும்.

அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கரண்டு வந்ததுகூடத் தெரியல.

இப்ப நீங்களே சொல்லுங்க. அவ போகணும்னு நெனச்ச இடத்துக்கு, அவ இல்லாம, நான் மட்டும் தூண்டிலத் தூக்கிக்கிட்டு எந்த முகத்தோட போக? அங்க போய் அந்தப் பயகிட்ட என்னத்தப் பேச? ஆகையினால அத்தான், தாங்கள் தயவுசெய்து அவனுக்குப் போன் பண்ணி, பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு என்று சொல்லுங்கள், குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொல்லுங்கள், அஷ்டமச் சனி என்றுகூடச் சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் அவன் தட்ட மாட்டான். நான் சொன்னால் "ம்" என்பான், அந்த "ம்"மை என்னால் தாங்க முடியாது.

சரோஜா அக்காவுக்கு என் வணக்கம். அண்டை அயலார், எதிர் வீட்டு வாத்தியார், தங்கள் வீட்டுப் பசு எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். எல்லாம் வல்ல காந்திமதி அம்மன் தங்களுக்கு நோயில்லாத வாழ்வும், இந்த ஒரு காரியத்தில் எனக்காகப் பொய் சொல்லும் மன உறுதியும் அருள்வாளாக.

இப்படிக்கு,
தங்கள் ஆசியையும் உதவியையும் எதிர்பார்க்கும்,
சிவசங்கரன்

பின்குறிப்பு:

கிருணா, சுவீடன்.
செப்டம்பர்

அத்தான், மேலே எழுதியிருக்கிற எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். உறையில் ஒட்டியிருக்கிற ஸ்டாம்பைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். கடிதத்தைத் தபாலில் போடத்தான் எடுத்துவைத்தேன், அவசரத்தில் அது பாஸ்போர்ட் பைக்குள் போய்விட்டது. போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். தாங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கிறீர்களே, சொந்த அத்தானே கைவிட்டுவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விமானம் ஏறினேன். பாதி வழியில் அந்தப் பையைக் குடைந்தால் அடியிலிருந்து கடிதம் வருகிறது. இறங்கித் திரும்பிப் போக வழியில்லை.

ஏரின்னா நம்ம நயினார்குளம் மாதிரி நெனச்சிராதீங்க. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியல. மரமெல்லாம் மஞ்சளா நிக்கி. ஒரு சத்தம் கிடையாது. முத நாள் நான் பயந்த மாதிரியேதான் இருந்துச்சு. ஆளுக்கொரு கல்லுல உக்காந்து தூண்டிலப் போட்டுக்கிட்டு, "சாப்பிட்டியா?" "ம்." ரெண்டு பேரும் சேந்துதான் சாப்ட்டோம், அது தெரிஞ்சும் கேக்கேன். எனக்காக அவன் இரைக்கு மக்காச்சோளம் வாங்கி வச்சிருந்தான். அத அவன் டப்பாவத் தொறந்து காட்டுனப்போ ஏதாவது சொல்லியிருக்கணும். சொல்லல.

மறுநாள் மத்தியானம் என் கோலு வெடுக்குன்னு வளஞ்சுது. இழுத்தா, தண்ணிக்கு மேல வெள்ளியா துள்ளுது. நான் பதறிப்போய், "ஏல ரோஹித்து, உசுரோட இருக்குல!"ன்னு கத்திட்டேன். வேற எப்படி இருக்கும்? அவன் ஓடி வந்தான். முழங்கால் தண்ணியில எறங்கி, முள்ள மெதுவா எடுத்துட்டு, மீன ரெண்டு கையிலயும் தண்ணிக்குள்ளயே ஏந்திக்கிட்டு நின்னான். "ஒடனே விட்டா செத்துரும்ப்பா. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்"னான். அவன் இவ்வளவு நீளமா எங்கிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சு! மீனு வால ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போயிட்டு. அவன் நிமிரல. கைய அப்படியே தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு நிக்கான். தோள் குலுங்குது. குளிருதோன்னு நெனச்சு, "மேல ஏறி வாடா"ன்னேன்.

"அப்பா, ஐ கான்ட் ரிமெம்பர் அம்மாஸ் வாய்ஸ்"னான்.

முகம் ஞாபகம் இருக்காம். கை ஞாபகம் இருக்காம். குரல் மட்டும் வரமாட்டேங்குதாம். எத்தனையோ போட்டோ இருக்கு, குரல் ஒண்ணுகூட எடுத்து வைக்கலயேப்பாங்கான். வாராவாரம் பேசுதவ குரல எடுத்து வைக்கணும்னு எந்தப் பிள்ளைக்குத் தோணும் அத்தான்?

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என்ன நெனச்சேன்னு தெரியல, வாயத் தொறந்தேன். "எய்யா, சாப்ட்டியா? என்ன சாப்ட்ட? ரொட்டியா? அது என்னய்யா எப்பப் பாத்தாலும் ரொட்டி, காய்ச்சல்காரன் மாதிரி? ஒரு ரசம் வைக்க எவ்வளவு நேரம் ஆவும்? தலைக்கு எண்ண தேய்ச்சியா? பொய் சொல்லாத, உன் குரலே காஞ்சு கெடக்கு. இந்தா, ஒங்கப்பா பரீட்சை எப்ப முடியுதுன்னு கேக்காவ, பேப்பருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு. எதுத்த ஃபிளாட்டு மலையாளத்து அக்கா பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு, ஒனக்குத் தெரியும்லா, ரெட்டச் சடை போட்டுக்கிட்டு வருவால்லா..." இப்படியே போகுது. எங்கேயிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. அத்தனை வருஷமா பேப்பர் படிக்கேன்னு நெனச்சுக்கிட்டு நான் இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

அவன் தண்ணியில நின்னுக்கிட்டே என்னயப் பாத்தான். "அப்பா, அம்மா இப்படிக் கட்டக் குரல்ல பேசமாட்டாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே அழுதான். "நிறுத்தாதீங்க"ன்னான். நான் தொண்டை வறள்ற வரைக்கும் பேசுனேன். கடேசியில ஒண்ணு சொல்லுவா, "வைக்கட்டாய்யா"ன்னு. அத மட்டும் என்னால சொல்ல முடியல. அவனும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு நின்னான்னு நெனக்கேன். பிறகு கரையேறி வந்து பக்கத்துல உக்காந்தான். தூண்டில எடுக்கவே இல்ல.

சாயந்தரம் காப்பி போடும்போது அவனே சொன்னான். "மாமா பேசினா கொஞ்சம் அம்மா மாதிரியே இருக்கும்லப்பா"ன்னு. எனக்கு இத்தன நாளும் தோணல. யோசிச்சுப் பாத்தா வாஸ்தவம். அந்த இழுப்பு, நடுவுல வார்த்த கெடைக்காம ஒரு "என்னமோ" போடுதது, எல்லாம் ஒங்க வீட்டுப் பேச்சு.

அதனால அத்தான், நீங்க அவனுக்குப் போன் பண்ணணும். ரத்தக்கொதிப்பும் வேண்டாம், சனியும் வேண்டாம், புத்தியும் சொல்ல வேண்டாம். சும்மா ஊர்க்கதை பேசுங்க. அவன் "ம்"னு மட்டும்தான் சொல்லுவான். போனை வச்சிராதீங்க.